பெரிய சைஸ் பொட்டு

"ஒட்டிக்கோ" என்றாள் வெங்கடம்மாள்.

அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று, பசைப்பக்கம் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தது. அந்த விரல் மருமகள் அனிதாவின் நெற்றிக்கு நாலு அங்குலத்தில் நின்றது. அனிதா பின்வாங்கிப் பின்வாங்கி, இனிமேல் போக இடமில்லாமல் ஃபிரிட்ஜில் முதுகு இடிக்க நின்றாள்.

"வேணாங்க அத்தை. ஒரு வருஷத்துக்கு நெத்தியில எதையும் வெக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"டாக்டரம்மாவா வந்து எம் பொண்ணு சுவாதிய மருமவளா எடுக்கப் போறாங்க? மாப்ள வூட்டுக்காரங்க சூளகிரி தாண்டிட்டாங்களாம். மூணேகாலுக்கு நல்ல நேரம். ஒட்டிக்கோ."

"ஒட்டுனா வெள்ள இன்னும் பெருசாவுங்க."

"ஆவட்டும். அதுக்குத்தான் பொட்டும் பெருசா வாங்கியிருக்கறன்."

  அனிதா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கோபம் தலைக்கேறினால் வெங்கடம்மாளுக்குத் தமிழ் போதாது. பிறந்த ஊரான வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு கூட வரும். வந்தது. ஒரு நிமிடம் ஓடியது. பிறகு விஷயத்தைத் தமிழில் சுருக்கிச் சொன்னாள்.

"இந்தச் சம்பந்தம் மட்டும் ஒன் நெத்தியால கெட்டுச்சின்னா, நாளைக்கே நீ பாரூருக்கு பஸ் ஏறிக்க. அந்த வெள்ள மறஞ்சதுக்கு அப்பறம் வந்தாப் போதும். மறையாட்டி அங்கயே இருந்துக்க."

பாரூர் அனிதாவின் அம்மா வீடு. கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கணவன் ராஜ்குமாருக்கு இது நன்றாகவே கேட்டது. கேட்டதும் அவன் குனிந்து, நாற்காலிகளின் கால்கள் சமமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கத் தொடங்கினான்.

"நான் பின்னால சின்னம்மாகூடவே இருந்துக்கறேங்க அத்தை. முன்னால வரல" என்றாள் அனிதா.

"மருமவ எங்கன்னு கேட்டா? செத்துட்டான்னு சொல்றதா?"

சின்னம்மா என்பது சம்பங்கி. மாமனார் கோவிந்தனின் தங்கை. லாரி ஓட்டிய புருஷன் சாலையில் போய்ச் சேர்ந்து பதினாலு வருடமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டின் பின்னறை அவளுக்கு. அதற்கு ஈடாகச் சமையலறை முழுவதும் அவளுக்கே. இப்போதும் அடுப்பின் முன் நின்று கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். நல்ல காரியத்தில் அவள் கிண்டிய கேசரி கூடத்துக்குப் போகலாம், அவள் போகக்கூடாது. கேசரிக்குச் சகுனம் கிடையாது என்பது அந்த வீட்டின் தீர்மானம்.

"விட்டுருங்க அண்ணி, புள்ள நெத்தி இப்பதான் ஆறிட்டு வருது" என்றாள் சம்பங்கி, கரண்டியை நிறுத்தாமல்.

"நெத்தியப் பத்தி நீ பேசாத" என்றாள் வெங்கடம்மாள்.

அந்த வெள்ளையின் வரலாறு கொஞ்சம் நீளம். ஐந்து வருடத்துக்கு முன் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது அனிதா வைத்துக்கொண்டிருந்தது மிளகளவுப் பொட்டு. பகலில் மட்டும் வைப்பாள், இரவில் எடுத்துவிட்டுப் படுப்பாள். மூன்றாம் நாளே மாமியார் அதைத் திருத்தினாள். கட்டினவன் உயிரோடு இருக்கையில் வெறும் நெற்றியோடு தூங்கினால் அவன் ஆயுசுக்கு ஆகாதாம். ராஜ்குமாரின் ஆயுசு ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்பது அன்றுதான் அனிதாவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பொட்டு நெற்றியிலேயே இருந்தது.

மூன்றாம் வருடம் அந்த இடம் அரித்தது. லேசாகச் சிவந்தது. அரிப்பு நின்றதும் வெளுத்தது. தேமல் மாதிரி மங்கலாக அல்ல, சுண்ணாம்பைத் தொட்டு வைத்த மாதிரி, ஓரம் வெட்டினாற்போல வட்டமாக. மிளகளவில்.

வெங்கடம்மாள் பார்த்தாள். கடைக்குப் போய்ப் பட்டாணியளவுப் பொட்டு வாங்கி வந்தாள். வெள்ளை மறைந்தது. எட்டு மாதத்தில் வெள்ளையும் பட்டாணியளவுக்கு வந்தது. உடனே ஐம்பது காசு அளவுக்குப் பொட்டு வந்தது. வெள்ளை அதையும் பிடித்தது. போதாததற்குச் சுற்றிலும் மாவு தெளித்தாற்போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் கிளம்பின. பொட்டும் வெள்ளையுமாக இப்படி ஓட்டப்பந்தயம் ஓடியதில், இடையில் கிடந்த நெற்றி அனிதாவுடையது என்பதை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அதே சமயம் பாரூருக்கு ஃபோன் போனது. "ஒங்க வூட்ல யாருக்கு இருக்குது, மறைக்காம சொல்லிருங்க சம்பந்தி" என்று வெங்கடம்மாள் விசாரித்தாள். அனிதாவின் அம்மா பாரூர் ஏரி மேலும் குலசாமி மேலும் சத்தியம் செய்தாள். சத்தியத்தை யார் கேட்டார்கள். ரத்தத்தில் வந்தது என்று முடிவானது. யார் ரத்தம் என்பதிலும் குழப்பமில்லை, வந்தவள் ரத்தம்தான். மீன் குழம்பு தின்ற கையோடு மோர் குடித்தாளா என்றும் ஒரு பக்கம் விசாரணை நடந்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று அடியில் கீறல் போடப்பட்டு அவளுக்கென்று தனியானது. பேர் சொல்லவே கூசும் அந்தப் பழைய வார்த்தையை, வெண்குஷ்டம் என்பதை, வெங்கடம்மாள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் தினமும் சொன்னாள்.

அனிதா அழுதது உண்மை. கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் பல் தேய்க்கும்போதுகூடத் தலையைக் குனிந்துகொண்டதும் உண்மை. சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மோல்டு என்கிற அச்சிலிருந்து விழும் மூடிகளில் புள்ளி, கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வரிசையில் பக்கத்து இருக்கைக்காரி மாதேஸ்வரி. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அனிதா முகம் கழுவியபோது பொட்டு கழன்று விழுந்தது. மாதேஸ்வரி முகம் சுளிக்கவில்லை. வேலையில் மூடியைப் பார்ப்பது போலவே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏங்கக்கா, பொட்டு இருந்த எடத்துலயே, பொட்டு சைசுக்கே வெளுத்திருக்குதே?"

"ஆமா."

"ஒரே எடத்துல, ஒரே சைசுல புள்ளி வந்தா நாம பீஸையா திட்டறோம்? மோல்டத்தான கழட்டிப் பாக்கச் சொல்லுவோம்?"

இரண்டு வருடமாக ஒரு குடும்பமும் ஓர் ஊரும் கண்டுபிடிக்காததை மாதேஸ்வரி தயிர்சாதம் தின்றபடியே சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே அனிதா தோல் டாக்டரிடம் போனாள். ராஜ்குமாரும் வெங்கடம்மாளும் கூடவே வந்தார்கள். துணைக்கு அல்ல, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டால் பாரூர்க்காரர்களிடம் பேச உதவும்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். வயது இருபத்தேழு. என்ன வேலை, எத்தனை வருடமாக வெள்ளை, முதலில் அரித்ததா, பொட்டு எத்தனை வயதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். தைராய்டு, சர்க்கரை உண்டா. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டபோது, அனிதா வாயைத் திறக்குமுன் வெங்கடம்மாள் முந்திக்கொண்டாள்.

"எங்க வம்சத்துலயே கெடையாதுங்க."

"நான் கேட்டது இவங்க ரத்த சொந்தத்தம்மா. நீங்க மாமியார்தான?" என்றார் டாக்டர்.

பஞ்சு நுனியால் வெள்ளையைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அறையை இருட்டாக்கி ஊதா விளக்கடித்துப் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னார்.

"பொட்டுல இருக்கற பசைதாம்மா. அதுல சேக்கற சில ரசாயனம் சிலரோட தோல்ல நெறம் உண்டாக்கற அணுவக் கொன்னுடும். இது குஷ்டம் இல்ல. ஒட்டாது. பரம்பரையும் இல்ல. மாசத்துக்கு ஆறேழு பேரு இப்பிடி எங்கிட்ட வர்றாங்க. அத்தனையும் பொம்பளைங்க, பெரும்பாலும் கல்யாணம் ஆனவங்க. ஸ்டிக்கரை நிறுத்துங்க, ஒரு வருஷத்துக்குக் குங்குமம்கூட வேணாம். மருந்து தடவுங்க. முக்கால்வாசி பேருக்குப் பெருசாகறது நின்னுடும். நெறம் திரும்பலாம், திரும்பாமயும் போகலாம், பொறுத்துத்தான் பாக்கணும்."

அதோடு நிற்காமல் ராஜ்குமாரின் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் இரண்டு பாதத்திலும் வார் மாதிரியே வெள்ளையாகக் கவட்டைத் தடம் விழுந்திருந்தது.

"இவருக்கும் இருக்கே. ரப்பர்ல சேக்கறதும் அந்த மாதிரி சரக்குதான்."

"அது வெயில் படாத எடங்க" என்றாள் வெங்கடம்மாள்.

"வெயில் படலேன்னா கருக்காதும்மா. பால் மாதிரி வெளுக்காது."

மகனின் காலுக்கு ரத்த விசாரணையோ, தனி டம்ளரோ, அம்மா வீட்டுக்கு ஃபோனோ நடக்கவில்லை. தோல் செருப்பு ஒன்று வாங்கியதோடு அவன் நோய் தீர்ந்தது. அனிதாவின் நோய்தான் அன்றைக்குப் புதிதாக ஆரம்பித்தது. பொட்டில்லாமல் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து வெங்கடம்மாள் சாமி அலமாரி முன் நின்று மகனைக் காப்பாற்றச் சொல்லி அழுதாள். எதிர்வீட்டுக்காரி, ராஜ்குமார் கம்பெனிக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்று, "ஒடம்பு நல்லாருக்குதா தம்பி" என்று கேட்டாள். நாலு மாதம் கேட்டாள். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை, ஆனாலும் அவள் விடவில்லை.

அந்த நாலு மாதத்தில் அனிதாவின் வெள்ளை வளரவில்லை. போன வாரம் தலை வாரும்போது அதன் ஓரத்தில் கடுகு போல இரண்டு கறுப்புப் புள்ளி தெரிந்தது. நிறம் திரும்புகிறது. அவள் நின்ற இடத்திலேயே சம்பங்கியைக் கூப்பிட்டுக் காட்டினாள். சம்பங்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினாள். அந்த இரண்டு கடுகின் மேல்தான் இப்போது ஒரு ரூபாய் அகலப் பொட்டு இறங்கப் பார்த்தது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. வெங்கடம்மாளின் விரல் காற்றிலேயே நின்றது.

"எப்படியோ போ. ஆனா நான் சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு, பொட்டை அட்டையில் திரும்ப ஒட்டி இடுப்பில் செருகிக்கொண்டு முகத்தில் சிரிப்பை வரவழைத்தபடி வாசலுக்குப் போனாள்.

நாகரசம்பட்டியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹரீஷ்குமார், ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவன் அப்பா, மாந்தோப்புக்காரர். வந்ததிலிருந்து கோவிந்தனோடு பூச்சிமருந்து பற்றி மட்டுமே பேசினார். மாப்பிள்ளையின் அம்மா முனிரத்தினம்மா, கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு வந்தாள். பெண்ணைப் பிடித்துவிட்டால் இன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. பையனும் பெண்ணும் ஏற்கெனவே இரண்டு தடவை ஓட்டலில் காப்பி குடித்துப் பிடித்துப்போய்விட்டார்கள். இனிப் பிடிக்க வேண்டியது முனிரத்தினம்மாவுக்கு மட்டும்தான்.

மே மாதத்து மூணேகால் மணிக்கு மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது. சுவாதி பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டு வந்து வணங்கி உட்கார்ந்தாள். அனிதா காப்பித் தட்டோடு வந்தாள்.

முனிரத்தினம்மா காப்பியை எடுக்கவில்லை. அனிதாவின் நெற்றியையே பார்த்தாள்.

"இது யாருங்க?"

"மருமவ" என்றாள் வெங்கடம்மாள், காதில் விழுந்தும் விழாத அளவுக்கு மெல்ல.

"பொட்டு வெக்கலியே. அதென்ன வெள்ளையா?"

அனிதா தட்டைக் கீழே வைத்தாள். பாரூர் பஸ் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் இரண்டு வருடம் மூடி மறைத்ததில் வந்த லாபம் என்னவென்று அவளுக்குத் தெரியும். "ஸ்டிக்கர் பொட்டோட பசை ஒத்துக்கலீங்க. அதால வெளுத்துப் போச்சு. டாக்டர் ஒட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நோய் ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

"பொட்டாலயா? ஊர்ல அத்தன பொம்பளைங்களும் வெக்கறோம். இத்தா, ஒங்க மாமியாரு எவ்ளோ பெருசா வெச்சிருக்காங்க. அவுங்களுக்கு வந்துச்சா?"

எல்லோரும் வெங்கடம்மாளைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வேர்த்தது. வேர்த்ததை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டாள். முந்தானை கீழே வந்தபோது பொட்டும் அதில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

நெற்றி நடுவில் வட்டமாக ஒரு வெள்ளை. அனிதாவுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது. சுற்றிலும், பவுடர் கலைந்த இடத்தில், மாவு தெளித்த புள்ளிகள். நேற்று வந்த வெள்ளை அல்ல அது, பத்துப் பன்னிரண்டு வருடத்து வெள்ளை. மாமியார் ஏன் குளியலறையிலிருந்து எப்போதும் பொட்டோடுதான் வெளியே வருகிறாள் என்பது அனிதாவுக்கு அந்த நிமிடம் விளங்கியது. கீறல் போட்ட டம்ளரும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரும் என்று நினைத்தாள், வரவில்லை. 

வெங்கடம்மாளுக்கு விஷயம் தெரியவில்லை. எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, கடைசியாகத் தன் முந்தானையைப் பார்த்தாள்.

முனிரத்தினம்மா நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டாள். "மாமியாருக்கும் மருமவளுக்கும் ஒரே எடத்துல இருக்குதே. ஒட்டிக்கற நோயிங்களா?"

"அய்யோ, ஒட்டாதுங்க" என்றார் கோவிந்தன்.

"அப்பறம் ரத்தத்துல வர்றதா? பொண்ணு இவுங்க வயித்துல பொறந்ததாச்சே. நாளைக்கு எம் பேரப் புள்ளைங்களுக்கு வந்தா?"

"ரத்தம்னா மருமவளுக்கு எப்பிடிங்க வரும்? அவ அந்நியத்துல எடுத்தது."

"அப்ப ஒட்டுது."

 கோவிந்தன் எந்தப் பக்கம் போனாலும் சுவர் இருந்தது. அப்போதுதான் வெங்கடம்மாள் எழுந்து நின்றாள். நின்று பேசத் தொடங்கினாள்.

"பசைங்க. பொட்டோட பசைதாங்க. அதுல ரசாயனம் சேக்கறாங்களாம். தோலுக்கு நெறம் குடுக்கற அணுவ அது கொன்னுபோடுதாம். ஒட்டாது, பரம்பரையும் கெடையாது. பெரிய டாக்டருங்க, ஊதா லைட் அடிச்சுப் பாத்து சொன்னாங்க. பஞ்சால தொட்டுப் பாத்தாங்க, உணர்ச்சி நல்லா இருக்குது. மாசம் ஆறேழு பேரு வர்றாங்களாம். மருமவளுக்கு ஒட்டறத நிறுத்துனதுமே நின்னுபோச்சுங்க. பாருங்க, ஓரத்துல நெறம்கூடத் திரும்புது, பாருங்க."

அவளே அனிதாவின் தாடையைப் பிடித்துத் தூக்கி அந்த இரண்டு கடுகையும் காட்டினாள்.  டாக்டர் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. நாலு மாதமாக அனிதா, மாமியார் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள் என்றல்லவா நினைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டு, புரிந்து, பத்திரமாக உள்ளே வைத்திருந்திருக்கிறாள். மருமகளுக்குச் செலவழிக்கத்தான் மனசு வரவில்லை.

முனிரத்தினம்மா லேசில் மசிகிறவள் அல்ல. "நீங்க சொல்றது நெசம்னே வெச்சுக்குவோம். அப்ப ஒங்க வம்சத்துல பொட்டே வெக்காத பொம்பள யாரையாவது காட்டுங்க. அவுங்க நெத்தி சுத்தமா இருந்தா, ரத்தம் இல்ல, பொட்டுதான்னு ஒத்துக்கறன்."

பொட்டே வைக்காத பெண்பிள்ளைக்கு எங்கே போவது.  கோவிந்தனின் முகம் மெல்லத் தெளிந்தது.

"எங்க தங்கச்சி இருக்குதுங்க. பதினாலு வருஷமா பொட்டே வெக்கல" என்றார், ஏதோ சம்பங்கி தானாகப் பார்த்து விரதம் இருப்பது போல. "சம்பங்கி, இப்பிடி வாம்மா."

சம்பங்கியின் நெற்றி கோவிந்தன் ரத்தத்துக்குச் சாட்சி சொல்லும். வெங்கடம்மாளின் ரத்தத்துக்கு எப்படிச் சொல்லும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு ரத்தம் அப்பா வழியில் மட்டுமே வருகிறது என்பதில் இரண்டு வீட்டாருக்கும் ஒரே கருத்து. உண்மையிலேயே ரத்தத்தில் வந்திருந்தால்தான் என்ன, அதற்காக ஒரு பெண்ணைப் பஸ் ஏற்றிவிடுவார்களா என்று அனிதாவுக்குக் கேட்கத் தோன்றியது. அதைக் கேட்டால் அந்தக் கூடத்தில் யாருக்கும் புரிந்திருக்காது.

சம்பங்கி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சமையலறை வாசற்படியிலேயே நின்றாள். பதினாலு வருடப் பழக்கம், கால் தானாக நின்றது.

"வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள் முனிரத்தினம்மா.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தலையை ஆட்டினார். சம்பங்கி படி தாண்டிக் கூடத்துக்கு வந்து ஜன்னலோரம் நின்றாள். முனிரத்தினம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அருகில் போய், தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பவுடர் ஏதும் பூசியிருக்கிறாளோ என்று கட்டைவிரலால் நெற்றியைத் தேய்த்தும் பார்த்தாள். சம்பங்கி இமைக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதை அனிதா பார்த்திருக்கிறாள். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"சுத்தமா இருக்குது" என்றாள் முனிரத்தினம்மா. "ஒரு புள்ளி இல்ல. பளிங்கு மாதிரி இருக்குது."

கூடத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அந்த வீட்டில் மாசில்லாத நெற்றி ஒன்றே ஒன்று. யாரைப் பார்த்தால் நல்லது நடக்காது என்று பின்னறையில் வைத்திருந்தார்களோ, அவளுடையது.

இதற்குள் வெங்கடம்மாள் உள்ளே போய்விட்டு வந்திருந்தாள். வந்தபோது அவள் நெற்றியில் புதுப் பொட்டு ஒன்று இருந்தது. காலையில் வாங்கிய அட்டையில் உள்ளது, ஒரு ரூபாய் அகலம். பொட்டுப் பசை தோலைக் கொல்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு முன் சபையில் நின்று நிரூபித்தவள் அவள்தான். பூ வைக்கிற நேரத்தில் வெறும் நெற்றியோடு நிற்க முடியுமா.

அவள் நேராகச் சம்பங்கியிடம் வந்து காதோடு சொன்னாள். "சரி, நீ உள்ளார போ. பூ வெக்கப் போறாங்க."

சம்பங்கி திரும்பினாள். இரண்டடி வைத்திருப்பாள். முனிரத்தினம்மா கூப்பிட்டாள்.

"இருங்க. அடுத்த மாசம் நிச்சயத்துக்கு எங்க பங்காளிங்க அம்பது பேரு வருவாங்க. இவுங்க ரெண்டு பேரு நெத்தியையும் பாத்துட்டு ஆளுக்கொண்ணு பேசுவாங்க. அன்னிக்கு நீங்க முன்னால வந்து ஒக்காரணும். எல்லாரும் பாக்கறாப்ல."

"நல்ல காரியத்துலயா?" என்று வெங்கடம்மாளுக்கு வாய்விட்டே வந்துவிட்டது.

"ரத்தம் சுத்தம்னு தெரியறத விட நல்ல காரியம் என்னங்க இருக்குது?"

சம்பங்கி திரும்பி முனிரத்தினம்மாவைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"வர்றன். முன்னாலயே ஒக்கார்றன். ஆனா பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் வருவன்."

கோவிந்தன் பதறிப்போனார். "சம்பங்கி, என்ன பேசற? ஊரு என்ன சொல்லும்?"

"இத்தன வருஷமா ஊரு என் நெத்தியப் பாத்தா ஆவாதுன்னீங்கண்ணா. இன்னிக்கு கண்ணாடி போட்டுத் தேச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் ஆவலியே."

"பொட்டு வெச்சா நெத்தி தெரியாதே" என்றாள் முனிரத்தினம்மா. அவளுடைய கவலை அவளுக்கு.

"பாக்கணும்கறவங்க எங்கிட்ட கேக்கட்டும். எடுத்துக் காட்டறன். காட்டிட்டு மறுபடியும் வெச்சுக்குவன்."

 அனிதா சாமி அலமாரியைத் திறந்தாள். குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து சம்பங்கியின் முன்னால் நீட்டினாள்.

"நிச்சயம் வரைக்கும் எதுக்குங்க சின்னம்மா?"

சம்பங்கி கிண்ணத்தைப் பார்த்தாள். அனிதாவின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். மோதிர விரலால் தொட்டு எடுத்துக் கண்ணாடி இல்லாமலே வைத்துக்கொண்டாள். சரியாக நடுவில் உட்கார்ந்தது. சுவாதி இருந்த இடத்திலிருந்து எழுந்து, நாற்காலி ஒன்றைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "ஒக்காருங்க அத்தை" என்றாள். சம்பங்கி உட்கார்ந்தாள்.

முனிரத்தினம்மா பூப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அவர் பூச்சிமருந்தில் இருந்தார். பையனைப் பார்த்தாள். அவன் சுவாதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி பன்னிரண்டு நிமிடம். நாலேகாலோடு நல்ல நேரம் முடிகிறது. ஒரு சுமங்கலி பொட்டில்லாமல் நிற்க, ஒரு விதவை பொட்டோடு உட்கார்ந்திருக்க, மூன்று நிமிடத்தில் நியாயம் பேசி முடிக்க முடியாது. அவசர அவசரமாக எழுந்து சுவாதியின் தலையில் பூவை வைத்தாள்.

பாரூர் பஸ்ஸைப் பற்றி இனி இந்த வீட்டில் பேச்சு எழாது என்று அனிதாவுக்குத் தெரிந்தது. ராஜ்குமார் நாற்காலிக் காலை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான்.

வெங்கடம்மாள் மட்டும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள். சம்பங்கி அவளை நிமிர்ந்து பார்த்து, பதினாலு வருடமாக அண்ணியிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே தணிந்த குரலில் சொன்னாள்.

"காப்பி ஆறிப்போச்சுங்க அண்ணி. உள்ளார போய்ச் சூடு பண்ணிட்டு வந்துருங்களேன்."

வெங்கடம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.